அசோக்குமார் காரின் பின்னால் ஒரு சாக்கெட்

எங்கள் தெருவில் யாராவது காரின் பானட்டைத் திறந்தால் போதும், நாலு ஆம்பளைகள் வந்து சுற்றி நின்றுவிடுவார்கள். மூக்கண்டப்பள்ளியில் இதற்கு யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. எல்லோரும் ஏதாவது ஒரு கம்பெனியில் வண்டியின் ஏதாவது ஒரு துண்டைச் செய்கிறவர்கள். ஒருவர் பிரேக், ஒருவர் சைலன்சர், ஒருவர் சீட்டு. முழு வண்டியைப் பற்றி யாருக்கும் தெரியாது. கருத்து மட்டும் முழு வண்டிக்கும் உண்டு.

அப்படிப்பட்ட தெருவில் எதிர்வீட்டு அசோக்குமார் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காரின் பின்பக்கம் படுத்துக்கொண்டு ஏதோ செய்துகொண்டிருந்தார். ஒத்தாசைக்குப் போன என் வீட்டுக்காரரைப் பார்த்து, "ஒண்ணுமில்லண்ணா, நான் பாத்துக்கறேன், நீங்க போங்க" என்று சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர் வெங்கடசாமி செருப்பைக் கழற்றும்போதே முகம் சரியில்லை.

"என்ன பண்றாராம்?" என்றேன்.

"ஏதோ வயரு இழுக்கறான். என்னடான்னா சொல்ல மாட்டேங்கறான்."

"நீங்க எட்டிப் பாக்கலையா?"

"எங்க பாக்க வுட்டான்? சாக்கப் போட்டு மூடிட்டான்டி."

மூடினால் சும்மா இருக்க முடியுமா? நான் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். துணியைக் காயப்போட்டதே அப்போதுதான், அது வேறு விஷயம்.

மேலிருந்து பார்த்தால் அசோக்குமாரின் கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பம்பருக்குக் கீழே புதிதாக ஒரு இரும்புக் கொக்கி, அதன் முனையில் எலுமிச்சம்பழம் போல ஒரு குண்டு. பக்கத்தில் கறுப்பாக, வட்டமாக, மூடி வைத்த ஒரு சமாச்சாரம். இறங்கி வந்து அப்படியே விவரித்தேன்.

"டிரெய்லர் சாக்கெட்டு" என்றார் என் வீட்டுக்காரர். "கொக்கில டிரெய்லர மாட்டிட்டு, அதோட வயர இந்த சாக்கெட்ல சொருவணும். இவன் கார்ல பிரேக் போட்டா டிரெய்லர் பின்னாடியும் லைட்டு எரியும். இண்டிகேட்டர் போட்டா அங்கயும் மினுக்கும்."

"டிரெய்லரு டிராக்டருக்குத்தானே?"

"அதத்தான் நானும் கேக்கறேன். காருக்கு எதுக்கு?"

அந்தக் கேள்வி அன்று சாயங்காலத்துக்குள் தெருக்கோடி வரை போய்விட்டது. என் பங்கு அதில் ரொம்பக் குறைவு. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் சொன்னேன், பூக்காரியிடம் சொன்னேன், அவ்வளவுதான்.

அசோக்குமார் ஊத்தங்கரைப் பக்கத்துக்காரர். பைக் கம்பெனிக்கு வயர் கட்டிக் கொடுக்கும் ஒரு பட்டறையில் லைன் வேலை. குடி கிடையாது, சிகரெட் கிடையாது, டீயில்கூடச் சர்க்கரை கம்மி. இப்படிப்பட்ட ஆளைப் பற்றி ஒரு தெரு எவ்வளவு நாள்தான் நல்லதாகவே பேசிக்கொண்டிருக்கும்?

கார் அவர் பேரில் இருந்தாலும் அது அவர் மனைவி ரூபாவின் கார் என்றுதான் எல்லோரும் சொல்வோம். ரூபா மணப்பெண் அலங்காரம் செய்கிறாள். பின்கண்ணாடி முழுக்கத் தங்க எழுத்தில் 'ரூபா மணப்பெண் அலங்காரம்' என்று ஸ்டிக்கர், கீழே போன் நம்பர். முகூர்த்த நாளில் விடிவதற்கு முன்பே பெட்டி, ஒட்டுமுடி, நகை செட்டு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள். நல்ல கைதான், குறை சொல்லக்கூடாது. என் தங்கச்சி மகளை அவள் அலங்கரித்தபோது எனக்கே பெண் யாரோ மாதிரித் தெரிந்தாள்.

ஆனால் இந்தத் தொழிலில் கை மட்டும் போதாது. பெண்ணைத் தொடுகிறவள் எங்கிருந்து வருகிறாள், எந்த வண்டியில் வருகிறாள் என்றெல்லாம் எங்கள் பக்கம் பார்ப்பார்கள். பாகலூர் பக்கத்தில் ஒருத்தி சாவு வீட்டுக்குப் போன மறுநாள் கல்யாணத்துக்குப் போய்விட்டாள் என்று வெளியே தெரிந்தது. அதற்குப் பிறகு அவளை ஒரு முகூர்த்தத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை. இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். ரூபாவுக்கோ கெலமங்கலத்தில் ரோஜாத் தோட்டக்காரர் வீட்டுக் கல்யாணம் கைகூடி வந்துகொண்டிருந்தது. அந்த வீட்டு அத்தை வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து வாசலில் வைத்துவிட்டால் வேலை உறுதி. அந்த ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டால் தேன்கனிக்கோட்டை வரைக்கும் எல்லா வீட்டிலும் அவள்தான். இடையில் பேர் கெட்டால் அவளும் ஜெராக்ஸ்தான்.

சரசம்மா மறுநாளே முடிவோடு வந்தாள். சரசம்மா பக்கத்து வீட்டுக்காரி. வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், என்னோடு தமிழ், கோபம் வந்தால் மூன்றும்.

"ராஜாத்தி, அத்திப்பள்ளி எவ்ளோ தூரம்?"

"பஸ்ல உக்காந்தா எறங்கிடலாம். ஏன்?"

"தமிழ்நாட்டு பார்டர் தாண்டினா அங்க என்ன சீப்பு? சொல்லு பாக்கலாம்."

"தக்காளியா?"

"அய்யோ ராமா! தக்காளி கொண்டார்றதுக்கு யாரம்மா சாக்குப் போட்டு மூடுவா? பிராந்தி! டிரெய்லர் நெறைய பிராந்தி!"

"அவருதான் குடிக்க மாட்டாரே."

"குடிக்காதவன்தானம்மா விக்க முடியும்? குடிக்கறவன் வித்தா மிஞ்சுமா?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

அன்றிலிருந்து அசோக்குமார் செய்வதெல்லாம் அதற்குப் பொருந்தியே வந்தது. ரூபா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் காரை நோண்டினார். பின்விளக்கு வேலைக்கு ரெண்டு பேர் வேண்டும். ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கணும், இன்னொருத்தர் பின்னால் நின்று "வருது, வருது" என்று கத்தணும். இவர் ஒரு குச்சியைப் பிரேக்குக்கும் சீட்டுக்கும் நடுவில் முட்டுக் கொடுத்துவிட்டுத் தானே பின்னால் ஓடி வந்தார். கையில் ஒரு சின்ன பல்பு, அதிலிருந்து ரெண்டு வயர். ஒன்றைக் கார் பாடியில் கவ்வவிட்டு, இன்னொன்றைச் சாக்கெட்டின் ஓட்டைகளில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். பல்பு எரிந்தது. திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டு மூடியைப் போட்டார். பிறகு தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். நான் துணியை உதறினேன்.

புதன்கிழமை ரூபாவே என் சமையலறைக்கு வந்துவிட்டாள்.

"அக்கா, உங்களுக்குத் தெரியாம இந்தத் தெருவுல ஒண்ணும் நடக்காது. அவரு என் கார்ல என்ன பண்றாரு?"

"உங்கிட்ட என்ன சொன்னாரு?"

"என் சாமான் ஏத்தறதுக்கு டிரெய்லராம். ஒரு மேக்கப் பெட்டிக்கு டிரெய்லர் எதுக்குக்கா? அது போவட்டும். நேத்து கண்ணாடியத் தொடைக்கப் போனா, என் ஸ்டிக்கர் மேல பேப்பர் ஒட்டிப் பிச்ச மாதிரி கோந்து. என் பேர எதுக்கு மூடணும்?"

பேரை மூடினாரா! இது மொட்டைமாடியிலிருந்து தெரியாத சங்கதி.

"பிராந்தின்னு பேசிக்கறாங்களே, நெசமாக்கா?"

"எவ சொன்னா?"

"சரசம்மா. நீங்க சொன்னதா சொன்னாங்க."

அவள்தான் எனக்குச் சொன்னாள் என்பதை இப்போது யாரிடம் போய் நிரூபிப்பது? ரூபாவின் கண் கலங்கியிருந்தது. "கெலமங்கலத்து அத்தை அடுத்த வாரம் தட்டோட வர்றாங்க. அந்தம்மா தெரு பூரா விசாரிச்சிட்டுத்தான் வாசப்படி ஏறும். எதுவோ ஒண்ணு நடக்குது, எனக்கு மட்டும் தெரியல. தெரிஞ்சா ஒரு வழி பண்ணிக்குவேன்" என்றாள்.

அடுத்த நாள் முதல் ஷிப்ட் முடிந்து வந்த அசோக்குமார், பின்கண்ணாடியில் பேப்பரை ஒட்டிக்கொண்டு காரை எடுத்தார். நான் அடுப்பை அணைத்தேன்.

"எடுங்க ஸ்கூட்டர."

"எதுக்கு?"

"பாவம் அந்தப் பொண்ணு. தெரிஞ்சுக்க வேணாமா?"

என் வீட்டுக்காரருக்கும் அந்தச் சாக்குப் போட்டு மூடிய அவமானம் ஆறவில்லை. சாவியை எடுத்தார். ஜூஜூவாடி தாண்டி, பார்டர் தாண்டி, லாரிகளுக்கு நடுவில் அந்தக் காரை விடாமல் பிடித்துக்கொண்டே போனோம். அத்திப்பள்ளிக்கு அப்பால் ஒரு ஷெட்டுக்குள் நுழைந்த கார், திரும்பி வரும்போது பின்னால் டிரெய்லரோடு வந்தது. நீளமான சரக்கு. மேலே நீலத் தார்ப்பாய், சுற்றிக் கயிறு.

"எவ்ளோ பாட்டில் கேஸ் புடிக்கும்?" என்றேன் காதருகில்.

"கடையே புடிக்கும்டி."

வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. ஆனேக்கல் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் முன்னால் பிரேக் போட்டார். டிரெய்லரின் வலது பக்க இண்டிகேட்டர் மஞ்சளாக எரிந்தது.

"ரைட்டுல திரும்பறான்" என்று சொல்லி என் வீட்டுக்காரர் இடது பக்கமாக முறுக்கினார். காரும் டிரெய்லரும் அமைதியாக இடது பக்கம் திரும்பி எங்கள் மேலேயே வந்தன.

பெரிய வேகம் இல்லை. ஸ்கூட்டர் டிரெய்லர் சக்கரத்தில் முட்டிச் சாய்ந்தது. நான் விழுந்தேன் என்று சொல்ல முடியாது, ரோட்டில் உட்கார்ந்தேன். உட்காரும்போது கைக்கு அகப்பட்ட கயிற்றைப் பிடித்தேன். கயிறு அவிழ்ந்து தார்ப்பாய் முழுசாகச் சரிந்து என் மடியில் விழுந்தது.

உள்ளே ஒரு கண்ணாடிப் பெட்டி. ஓர் ஆள் நீளம். அடியில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. தலைமாட்டில் குளிர் மெஷின். செத்தவர்களை வைக்கிற ஃப்ரீசர் பெட்டி.

நான் போட்ட சத்தத்தில் எதிரே வந்த லாரிக்காரன் பிரேக் போட்டான்.

"அக்கா! அடிபட்டுச்சாக்கா?" அசோக்குமார் ஓடி வந்தார்.

"தம்பி, உள்ள ஆளு இருக்கா?"

"காலிதாங்கக்கா. இப்பத்தான் கொண்டு போறேன்."

என் வீட்டுக்காரருக்குப் பெட்டியும் தெரியவில்லை, நானும் தெரியவில்லை. "ஏன்டா, ரைட்ட காட்டிட்டு லெப்டுல திரும்புவியா?" என்று பாய்ந்தார்.

"இல்லண்ணா, லெப்டுதான் போட்டேன்."

"இப்ப இண்டிகேட்டர் போடாத. போய் உள்ள உக்காரு. பிரேக்க மிதி." பின்னால் நின்று பார்த்துவிட்டு, "மிதிச்சா ரைட்டு இண்டிகேட்டர் எரியுதுடா!" என்று கத்தினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எங்கள் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை. குனிந்து சாக்கெட்டைக் கழற்றினார். "பச்சை வயர எங்கடா குடுத்த?"

"எர்த்துக்குண்ணா. எங்க லைன்ல பச்சைன்னா எர்த்துதான்."

"வெள்ளை?"

"ரைட்டு இண்டிகேட்டரு."

என் வீட்டுக்காரர் டிரெய்லருக்கு அடியில் தலையை விட்டார். "இங்க வந்து பாரு. டிரெய்லர் கட்டினவன் வெள்ளையத்தான் எர்த்துன்னு சட்டத்துல போல்ட்டு போட்டு முடுக்கியிருக்கான். பச்சைதான் அவனுக்கு ரைட்டு இண்டிகேட்டர். நீ மாத்திக் குடுத்திருக்க. எந்த லைட்டப் போட்டாலும் கரண்டு வெளிய போவ வழியில்லாம அந்த ரைட்டு பல்பு வழியாத்தான் போவுது."

"பல்பு வெச்சு டெஸ்ட் பண்ணனேண்ணா. எல்லாம் எரிஞ்சுதே!"

"நீ கார் பாடில கவ்வவுட்டு டெஸ்ட் பண்ண. எப்படி வெச்சாலும் எரியும். டிரெய்லர மாட்டி, பின்னாடி ஓர் ஆள நிக்க வெச்சிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். நாங்க ஆறு பேரு தெருவுல எதுக்குடா இருக்கறோம்?"

தினம் ஆயிரம் பைக்குக்குப் பச்சையை எர்த்து என்று கட்டுகிற கை, காருக்கும் அப்படியே கட்டியிருக்கிறது. அசோக்குமார் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

எனக்கு வயர் முக்கியமில்லை. "இது என்ன வேலை தம்பி?" என்றேன்.

"லைன்ல ஆளு கொறைக்கறாங்கக்கா. காண்ட்ராக்ட்டு ஆளுங்க எல்லாருக்கும் சொல்லிட்டாங்க. இங்க ஒரு பிரண்டு இந்தப் பெட்டிய வெச்சிருக்கான், இழுக்க வண்டி இல்ல. ஆனேக்கல், சந்தாபுரம்னு கூப்புட்டுட்டே இருக்காங்க. இதுக்கு மட்டும் லே-ஆப்பு கெடையாதுக்கா."

"ரூபா கார்லயா?"

"வேற காரு ஏதுக்கா? அதான் அவ பேர மூடிட்டு எடுக்கறேன்." கை கூப்பினார். "அவளுக்கு மட்டும் தெரிய வேணாம். கெலமங்கலத்துக்காரங்க காதுல வுழுந்தா அவ தொழிலே போயிடும்."

நான் சரி என்று தலையாட்டியதாகத்தான் ஞாபகம். ஆனால் மறுநாள் காலையில் ரூபா வந்து என் முகத்தைப் பார்த்த உடனே, "அக்கா, தெரிஞ்சிடுச்சில்ல?" என்றாள். முகத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? சொல்லிவிட்டேன்.

அவள் அழுவாள் என்று பார்த்தேன். எழுந்து போய் என் தொட்டியில் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டுக் கழுவினாள், மறுபடி கழுவினாள்.

"போன முகூர்த்தத்துக்கு அந்தக் கார்லதான் ராயக்கோட்டை பொண்ணுக்குப் போனேன்" என்றாள்.

"பெட்டி கார்ல இல்லடி. பின்னாடிதான்."

"இத அந்தப் பொண்ணோட மாமியார்கிட்ட சொல்லிப் பாருங்க." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் என் வீட்டுக்காரருக்கும்தான். சத்தியமா."

"பிராந்தி விஷயம்?"

"அது... தெருவுக்கு."

"தெருவுக்கு மட்டுமா?"

"பூக்காரிக்குத் தெரியும்னா சந்தைக்கும் தெரிஞ்ச மாதிரிதான்."

ரூபா குழாயை இறுக்கி மூடினாள். பிறகு, "அது அப்படியே இருக்கட்டும்க்கா. பிராந்தியே இருக்கட்டும்" என்றாள்.

நான் இத்தனை வருஷமாக இந்தத் தெருவில் எத்தனையோ பேரைப் பற்றி எத்தனையோ சொல்லியிருக்கிறேன். சொல்வதை நிறுத்தாதே என்று ஒருத்தி கேட்டது இதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை அசோக்குமார் தெரு நடுவில் காரை நிறுத்தி, எல்லோரையும் கூப்பிட்டு, வெள்ளையையும் பச்சையையும் மாற்றினார். ஆறு பேர் சுற்றி நின்று ஆறு விதமாகச் சொன்னார்கள். ரூபா வாசலில் நின்றுகொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி அவருக்குச் சட்டம் போட்டாள். டிரெய்லர் பார்டருக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது. போய்விட்டு வந்தால் கார் மஞ்சள் தண்ணீரில் கழுவின பிறகுதான் தெருவுக்குள் நுழையணும். தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு சவாரியும் கூடாது. "பார்டருக்கு அந்தப் பக்கம் உங்க வேல, இந்தப் பக்கம் என் வேல, ரெண்டும் சேரக்கூடாது!" என்றாள். சரசம்மா என் தோளில் இடித்தாள். "பாத்தியா, போலீசுக்கு பயந்துட்டா" என்றாள். எதற்கு மஞ்சள் தண்ணீர் என்று அவள் கேட்காமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

கெலமங்கலத்து அத்தை செவ்வாய்க்கிழமை வந்தார். கூட ஒரு நாத்தனார், கையில் பட்டுத்துணி போட்டு மூடிய தட்டு. நேராக எதிர்வீட்டுக்குப் போகவில்லை. "ஒரு சொம்பு தண்ணி குடும்மா" என்று என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்கவில்லை.

"எதிர்வீட்டுப் பொண்ணு எப்படி?"

"தங்கமான பொண்ணுங்க. கை ராசி."

"வீட்டுக்காரரு?"

"அவரும்..."

"வண்டில என்னமோ இழுத்துட்டுப் போறாராமே. அந்தப் பக்கம். மூடி எடுத்துட்டுப் போறாராம். என்னா அது?"

ஜன்னல் வழியாக எதிர்வீட்டு வாசல் தெரிந்தது. ரூபா கோலத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் கண் என் ஜன்னல் மேலேயே இருந்தது. உண்மையைச் சொல்லத் துடிப்பது எனக்குப் பழக்கம். பொய் சொல்லத் தயங்குவதும் எனக்கு இப்போதுதான் முதல் தடவை.

குரலைத் தாழ்த்தினேன். "வெளிய சொல்லிடாதீங்க. அத்திப்பள்ளில இருந்து... சரக்கு."

அத்தை நாத்தனாரைப் பார்த்தார். நாத்தனார் அத்தையைப் பார்த்தாள்.

"பிராந்தியா?"

"ம்."

"அவ்ளோதானா!" அத்தை மடமடவென்று தண்ணீரைக் குடித்தார். "நான் வேற என்னமோன்னு நெனச்சு ரெண்டு நாளா தூங்கல. பூக்காரி ஒரு மாதிரி இழுத்து இழுத்துச் சொன்னா. ஆம்பள, ஏதோ பொழப்பு. பொண்ணத் தொடற கை சுத்தமா இருந்தா சரி." எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "ஏம்மா, நல்ல சரக்குதானே? எங்க அண்ணன் மாப்ள வீட்டாருக்கு எங்க போய் வாங்கறதுன்னு தவிச்சிட்டிருக்காரு."

தட்டு ரூபாவின் வாசலில் இறங்கியது. ரூபா ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டு கும்பிட்டாள். அவர்கள் போன பிறகு நான் சரக்கு விஷயத்தைச் சொன்னேன். ரூபா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வாங்கிக் குடுத்திடுவோம்க்கா. இல்லன்னா என்னதான் இழுக்கறாருன்னு திரும்பவும் கேப்பாங்க" என்றாள்.

முகூர்த்தத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அசோக்குமார் அத்திப்பள்ளியில் ஒரு கடை வாசலில் போய் நின்றார். வாழ்நாளில் முதல் தடவை. எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் கேட்டது.

என் வீட்டுக்காரர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே பேர் பேராகச் சொன்னார். எது மாப்பிள்ளை வீட்டுக்கு, எது பந்தல்காரனுக்கு, எதைச் சும்மா கொடுத்தாலும் வாங்கக்கூடாது என்று வரிசையாக வந்தது. "நீ நிக்கற கடை வேணாம். அதுக்கு ரெண்டு கடை தள்ளி, பச்சை ஷட்டரு. உள்ள கண்ணாடி போட்ட பெரியவரு இருப்பாரு. வெங்கடசாமின்னு சொல்லு. எடுத்துக் குடுப்பாரு."

நான் டிவியை அணைத்தேன்.